வெப்பப் பண்டாரத்தின் நாற்பது கதவுகள்

நலம் நிறைக. நீர் நிறைக. ஏழு மதகும் குறைவின்றிப் பாயும் தண்ணிலத்துக்கு உரியவரும், மூன்று போகம் விளைவிக்கும் குடிகளுக்குத் தலைவரும், மதகூர் அரியணையில் வீற்றிருந்து கோல் சாயாது அரசு புரிபவரும், நம் உடன்பிறந்தாள் நங்கை பூதியின் கைத்தலம் பற்றியவருமாகிய மைத்துனர் வெண்ணாகக் கோமான் திருமுன்னுக்கு, கோட்டுமுடி நகரையும் அதைச் சூழ்ந்த மேட்டுநிலத்தையும் ஆளும் இருங்கோடன் விடுக்கும் ஓலை. தங்கள் வயல்களில் கதிர் தலைசாய்க. தங்கள் தொழுவங்களில் கன்றுகள் துள்ளுக. தங்கள் அரண்மனையில் மழலைக் குரல் ஓயாதிருக்க.

இதுவரை உள்ளது ஓலைநாயகன் எழுதியது. இனிச் சொல்லவேண்டியதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாணமாக இருந்தபடியால், அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எழுத்தாணியை நானே கையில் எடுத்திருக்கிறேன். எழுத்து கோணலாக ஓடினால் பொறுத்தருள்க. அரச மரபுப்படி 'நாம்' என்று எழுதவும் கை கூசுகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கவேண்டிய குடிகள் இன்னும் சில நாளில் இந்த நகரில் இருக்கமாட்டார்கள். ஆகவே 'நான்' என்றே எழுதுகிறேன்.

செய்தியை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். கோட்டுமுடிக்குத் தண்ணீர் ஏறுவது நின்றுவிட்டது. என் குடிகளில் முப்பத்தையாயிரம் பேர் வருகிற பங்குனி இருபத்தொன்றாம் நாள் தொடங்கி மலைப்படி இறங்கி, ஆற்றோரமாக மூன்று நாள் நடந்து, தங்கள் எல்லை வாயிலை அடைவார்கள். வேற்று நாட்டார் எவரும் அரச முத்திரை பதித்த ஓலையின்றி அவ்வாயிலைக் கடக்கலாகாது என்பது தங்கள் பாட்டனார் வகுத்த சட்டம். அந்த ஓலை இதுவே. வருகிறவர்கள் படையெடுத்து வரவில்லை, கொள்ளைக்கும் வரவில்லை. தாகத்தோடு வருகிறார்கள். காரணம் அறியாமல் ஒரு மன்னர் தம் கதவைத் திறப்பது நெறியன்று என்பதால், நடந்ததை ஒளிக்காமல் கீழே எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நான் தங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு அது ஈடாகட்டும்.

எங்கள் நகரம் பாறை உச்சியில் இருப்பதும், காந்தாறு அறுநூறு முழம் கீழே பள்ளத்தாக்கில் ஓடுவதும் தாங்கள் அறிந்தவை. என் பாட்டனார் காலத்தில் கரிவாய்க் குன்றில் நிலக்கரி அகப்பட்டது. அதை எரித்துக் கொதிகலனில் நீரைக் காய்ச்சி, அந்த ஆவியின் உந்தலால் ஆற்றுநீரைத் தொட்டி தொட்டியாக மேலேற்றும் அனல் ஏற்றத்தை அவர் ஆற்றங்கரையில் நிறுவினார். அதுவரை அறுநூறு குடிகள் இருந்த பாறையில் நாற்பதினாயிரம் பேர் குடியேறினர். நீரூற்று வைத்தோம், நந்தவனம் வைத்தோம், யானைகளை நாளுக்கு இருமுறை குளிப்பாட்டினோம். ஒரு கூடை நிலக்கரி முப்பது ஆள் ஒரு பகல் முழுதும் சுமக்கும் நீரை ஏற்றிவிடும். அத்தனை வலிமை கூடையில் அள்ளக்கூடியதாக, வேண்டியபோது எடுத்து வேண்டாதபோது மூடி வைக்கக்கூடியதாக இருந்தால், எந்த மன்னனுக்குத்தான் தலைக்கனம் ஏறாது? எனக்கு நன்றாகவே ஏறியது.

இனி எங்கள் வெப்பப் பண்டாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இதை வெளிநாட்டார் எவருக்கும் சொல்லலாகாது என்பது என் தந்தையின் கட்டளை. இப்போது மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஏற்றத்திலிருந்து வெளியேறும் நீர் கை பொறுக்காத சூட்டோடு ஆற்றில் விழுவதை என் தந்தை ஒருநாள் பார்த்தார். நெல்லைக் குதிரில் சேர்க்கிறோம், நெய்யைச் சாடியில் சேர்க்கிறோம், இத்தனை வெப்பத்தை ஆற்றில் கொட்டுகிறோமே என்று அவர் மனம் பதைத்தது. மலையடிவாரப் பாறையைக் குடைந்து நாற்பது அறைகள் அமைத்தார். ஆண்டுக்கு ஓர் அறையாக அந்தச் சுடுநீரை நிரப்பினார். வருடப் பிறப்பு நாளில் பறை முழங்க, குரவை ஆட, அறைக்குள் மெழுகு உருண்டைகளை இறக்குவார்கள். எத்தனை உருண்டை உருகுகிறது என்று எண்ணி, அதற்கு எத்தனை வண்டி நிலக்கரி ஈடு என்று கணித்து, அந்த எண்ணைக் கதவு நிலையில் பொறிப்பார்கள். பின்னர்க் கற்கதவை மூடி, இடுக்கில் அரக்கு வார்த்து, அரசர் தம் மோதிரத்தை அழுத்துவார். நிலக்கரி தீரும் நாள் வரை அதைத் திறக்கலாகாது, திறந்தால் வெப்பம் ஓடிவிடும் என்பது விதி. முத்திரைகளில் இருபத்தெட்டு என் தந்தை இட்டவை. பன்னிரண்டு நான் இட்டவை. பன்னீராயிரம் வண்டி வெப்பம் எங்கள் காலடியில் சேமிப்பில் இருக்கிறது என்று நாட்டில் பிறந்த ஒவ்வொருவரும் நம்பினோம். அதை எண்ணியே கவலையின்றி உறங்கினோம்.

இந்தத் தை மாதம் சுரங்கத்தில் கரிப்படுகை முடிந்து வெண்பாறை தட்டுப்பட்டது. மாசி இருபத்தேழாம் நாள் அடுப்பு அவிந்து ஏற்றம் நின்றது. குடிகள் கலங்கவில்லை. சேமிப்பு இருக்கிறதே! பங்குனி இரண்டாம் நாள் அமைச்சர் குழுவோடும் மேளதாளத்தோடும் மலையடிவாரம் சென்று, முதல் அறையின் முத்திரையை நானே உடைத்தேன். பண்டாரக் காப்பாளர் சேந்தனார் வெந்துபோய்விடக் கூடாதென்று கைக்குத் தோலுறை மாட்டிக்கொண்டு உள்ளே குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு தோலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையை நீரில் விட்டார். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. நீர் கிணற்றுநீர் போலக் குளிர்ந்து கிடந்தது.

முதல் அறையில் விரிசல் இருக்கலாம் என்றார் சேந்தனார். இரண்டாவதைத் திறந்தோம். மூன்றாவதைத் திறந்தோம். பத்தாவதில் மேளகாரர்கள் தாமாகவே வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். முப்பத்தொன்பது அறைகளிலும் அதே குளிர்ச்சி. இந்த ஆண்டு நிரப்பிய நாற்பதாவதில் மட்டும் நீர் வெதுவெதுப்பாக இருந்தது. எந்த முத்திரையும் உடையவில்லை, எந்தச் சுவரும் கசியவில்லை, ஒரு குடம் நீரும் குறையவில்லை. திருடனே இல்லாமல் ஒரு கருவூலம் காலியாகியிருந்தது. நான் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அனல் ஏற்றத்தின் கண்காணி கொற்றி என்பவளை அழைத்தேன். இருபது ஆண்டாக அடுப்பின் முன் நின்று கண்புருவம் பொசுங்கிப்போனவள். பேச்சில் பணிவு குறைவு, வேலையில் பிழை குறைவு. வெப்பம் எங்கே போயிற்று என்று கேட்டேன். எங்கும் போய்விடவில்லை, ஓர் உருண்டை அளவும் அழியவில்லை, பாறைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் காற்றுக்குள்ளும் பரவி எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாத அளவு சூடாக்கிவிட்டு அங்கேயே இருக்கிறது என்றாள். இருக்கிறதென்றால் திரட்டிக் கொண்டுவா என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

அவள் விளக்கியதைத் தங்களுக்கு மதகை வைத்துச் சொல்கிறேன். தங்கள் நாட்டில் மேல்நீர் உயரத்திலும் கீழ்நீர் பள்ளத்திலும் இருப்பதால் நடுவே வைத்த ஆலைக்கல் சுற்றுகிறது. இரண்டும் ஒரே மட்டமானால், கடலளவு நீர் நின்றாலும் கல் அசையுமா? வெப்பமும் அவ்வாறே. அது தானாகச் சூட்டிலிருந்து குளிருக்கு மட்டுமே இறங்கும். இறங்கும்போது குறுக்கே பொறியை வைத்து வேலை வாங்கிக்கொள்ளலாம். இறங்கி முடிந்துவிட்டால், எவ்வளவு வெப்பம் பரந்து கிடந்தாலும் அதைக்கொண்டு ஓர் அகப்பை நீரைக்கூடத் தூக்க இயலாது. நாங்கள் நாற்பது ஆண்டாக எத்தனை வெப்பம் என்றே எண்ணிவந்தோம். அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏற்றத்தைப் பற்றியும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். எரித்த நூறு பங்கில் ஏழு பங்கே நீரை மேலேற்றியிருக்கிறது. நாற்பது பங்கு புகைபோக்கி வழியே போயிற்று. ஐம்பது பங்கு அந்தச் சுடுநீரோடு போயிற்று. எஞ்சிய மூன்று பங்கு பொறியின் உராய்விலும் கீச்சொலியிலும் கரைந்தது. ஏழோடும் மூன்றோடும் தொண்ணூறையும் கூட்டிப் பார்த்தால் நூறு சரியாக வருகிறது, ஒன்றும் குறையவில்லை, ஆனால் அந்தத் தொண்ணூறு இனி எதற்கும் ஆகாது என்றாள். பொறியைக் கொஞ்சம் திருத்தினால் ஏழைப் பன்னிரண்டாக்கலாம். தேவதச்சனே வந்து செய்தாலும் ஒரு பங்கைக் குளிருக்குக் கொடுத்தே தீரவேண்டும், கொடுக்காவிட்டால் வெப்பம் இறங்காது, இறங்காவிட்டால் பொறி சுற்றாது. இதையெல்லாம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னாளாம். எட்டு ஆண்டுக்கு முன் வருடப் பிறப்பு விழாவில் சொன்னாளாம். அபசகுனமாகப் பேசுகிறாள் என்று நான் அவளைக் குரவைக்கூத்து மேடையிலிருந்து இறக்கிவிட்டேனாம். எனக்கு நினைவில்லை, மைத்துனரே. அவள் பொய் சொல்கிறவள் அல்லள்.

அரசன் என்ற வீம்பில், 'பரவிய வெப்பம் அனைத்தும் ஏழு நாளுக்குள் பண்டாரம் திரும்புக' என்று அன்றே ஓர் ஆணை எழுதி முத்திரையிட்டேன். ஆம், எழுதினேன். சேந்தனார் அதை நாற்பது கதவிலும் பறையறைந்து படித்தார். எத்தனையோ தலைகள் என் சொல்லுக்குத் தாழ்ந்திருக்கின்றன. ஒரு குடம் குளிர்நீர் தாழவில்லை. ஏழாம் நாள் போய்ப் பார்த்தேன். நாற்பதாவது அறை இன்னும் கொஞ்சம் ஆறியிருந்தது.

மூழ்குகிறவன் துரும்பையும் விடமாட்டான் அல்லவா, நானும் எதையும் விடவில்லை. தச்சன் ஒருவன் வந்து, மேலிருந்து விழும் நீரால் சக்கரம் சுற்றும், அந்தச் சக்கரமே விழுந்த நீரை மீண்டும் மேலேற்றும், ஒருமுறை தள்ளிவிட்டால் ஊழிவரை ஓடும் என்று மார்தட்டினான். செய்யச் சொன்னேன். ஊரே திரண்டு பார்த்தது. ஒன்பது சுற்றுச் சுற்றியது. பத்தாவது சுற்றில் பாதியில் நின்று, பின்னோக்கி ஒரு தடவை அசைந்து, ஓய்ந்தது. தச்சன் அச்சுக்கு எண்ணெய் போடவில்லை என்றான். எண்ணெய் போட்டான். பதினொரு சுற்று வந்தது. உராய்வு ஒவ்வொரு சுற்றிலும் தன் கூலியை எடுத்துக்கொள்ளும், அந்தக் கூலி வெப்பமாகக் காற்றில் கலந்துவிடும், முழுக்கத் திரும்பி வருவது எதுவும் இல்லை என்று கொற்றி அமைதியாகச் சொன்னாள். தச்சனை நான் தண்டிக்கவில்லை. என்னைவிட அவன் எந்த வகையில் மூடன்?

அதன்பின் மேட்டுக்காட்டை வெட்டி எரிக்கலாமென்று எண்ணினேன். கோடரிகளைத் தீட்டவும் சொல்லிவிட்டேன். கொற்றி கணித்துப் பார்த்து, முழுக்காட்டையும் வெட்டினால் ஏற்றம் ஐம்பது நாள் ஓடும், அதன் பிறகு காடும் இராது என்றாள். நிலக்கரி மட்டும் எப்படி எண்பது ஆண்டு ஓடியது என்று கேட்டேன். அதுவும் காடுதான் என்றாள். கரித்துண்டுகளில் இலை நரம்பின் அச்சு இருப்பதை எனக்குக் காட்டினாள். மனிதர் தோன்றுமுன் எத்தனையோ ஊழிக்காலம் வெயிலைக் குடித்து வளர்ந்த காடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து, மண்ணின் பாரத்தால் இறுகி, ஒரு கூடைக்குள் அடங்கின. அந்த நெடுங்காலத்து வெயிலை நாங்கள் மூன்று தலைமுறையில் எரித்து, நூற்றுக்கு ஏழு பங்கு வேலை வாங்கி, மிச்சத்தைக் கொண்டு பாறையைச் சூடாக்கியிருக்கிறோம். அந்தத் துண்டைக் கையில் வாங்கி, இலையச்சை விரலால் தடவிப் பார்த்தேன். அன்று மாலையே கோடரிகளை உறையிலிடச் சொன்னேன்.

இப்போது தங்களிடம் கேட்கவேண்டிய மன்னிப்புக்கு வருகிறேன். பதினோர் ஆண்டுக்கு முன் தாங்கள் இரண்டு சக்கரக் கம்மியரைச் சீர்வரிசையாக அனுப்பிவைத்தீர்கள். காற்றாலும் ஆற்றோட்டத்தாலும் சுற்றும் சக்கரங்களைக் கோட்டுமுடியில் அமைத்துத் தருவதாக எழுதியிருந்தீர்கள். காற்றை நம்பிக் குடியிருக்க நாங்கள் என்ன காற்றாடிப் பட்டமா என்று அவையில் நான் கேட்டேன். அவையே விழுந்து விழுந்து சிரித்தது. அவர்களைத் திருப்பி அனுப்பினேன். பூதி ஆறு ஆண்டு எனக்கு ஓலை எழுதவில்லை.

போகுமுன் அவர்கள் வடக்கு மதில் மூலையில் ஒரே ஒரு காற்றுச் சக்கரத்தை நிறுவிவிட்டுப் போயிருந்தார்கள். கிளி ஓட்ட உதவட்டும் என்று விட்டுவைத்தோம். இன்று நகரத்தில் உயிரோடிருக்கும் பொறி அது ஒன்றே. காற்று வரும்போதே ஓட்டமாக வருகிறது, அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி மீண்டும் ஓட்டமாக்கவேண்டிய சுற்றுவழி இல்லை, ஆகவே தொண்ணூறு பங்கைக் குளிருக்குக் கப்பம் கட்டவேண்டியதும் இல்லை என்று கொற்றி சொல்கிறாள். ஆற்றுச் சக்கரம் நீர் விழும் வலிமையில் பாதிக்கு மேல் வேலையாக்கும். காற்றுச் சக்கரம் தன்மேல் மோதும் வலிமையில் மூன்றில் ஒன்றைப் பிடித்தாலே மேல் என்கிறாள். வெயில் நாளும் புதிதாக வருகிறது, காற்றையும் மழையையும் அதுவே கிளப்புகிறது, ஆகவே அன்றன்றைக்கு வருவதை அன்றன்றைக்கு எடுத்தால் எந்த ஊழியின் சேமிப்பும் குறையாது. இத்தனையும் கேட்டு எனக்கு நம்பிக்கை பிறந்திருக்கவேண்டும்.

ஆனால் பாருங்கள், அது கூடையில் வராது. அடர்த்தி இல்லாமல், பரந்து, மெலிந்து, தன் விருப்பப்படி வரும். நான் கேட்கும் நாளில் வராது. இது பங்குனி. எங்கள் மேட்டில் காற்று எழுவது ஆனியில். ஆற்றில் வெள்ளம் வருவது ஆடியில். நேற்று நண்பகலில் வடக்கு மதில் சக்கரம் அரை நாழிகை சுற்றியது. ஊர் முழுவதும் ஓடிவந்து அண்ணாந்து நின்றது. நாட்டுக்கு அரசனாகிய நானும் நின்றேன். மதிலருகே உள்ள சிறுகிணற்றிலிருந்து ஒன்பது குடம் நீர் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அண்ணாந்த கழுத்துகள் நெடுநேரம் தாழவில்லை. நாற்பது காற்றுச் சக்கரமும் ஆறு ஆற்றுச் சக்கரமும், காற்றில்லா நாளுக்கு உச்சியில் பெருங்குளமும் அமைத்தால் கோட்டுமுடியில் பாதிப் பேர் வாழலாம், அதற்கு மூன்று ஆண்டு ஆகும் என்கிறாள் கொற்றி. உச்சியில் இப்போதுள்ள சிறு குளத்தில் இன்று பத்தொன்பது நாளுக்கான நீர் இருக்கிறது.

தலைச்சுமையாக ஏற்றலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். ஏற்றுகிறோம். மலைப்படியில் ஒருவர் ஏற ஒருவர் இறங்கவே இடம். விடிந்தது முதல் அடைந்தது வரை ஆறாயிரம் குடத்துக்கு மேல் வரவில்லை. அதைக்கொண்டு ஐயாயிரம் பேரைக் காப்பாற்றலாம். ஆற்றோரம் குடியிருக்கப் பத்து முழ அகலம்கூடச் சமநிலம் கிடையாது. மதில்மேல் நின்றால் கீழே ஆறு ஓடுவது தெரிகிறது, காது கொடுத்தால் அதன் ஒலியும் கேட்கிறது. அறுநூறு முழம். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் நடுவே உள்ளது. கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன், மைத்துனரே. படையிருக்கிறது, பொன்னிருக்கிறது, பறையறையச் சொன்னால் அறைய ஆளிருக்கிறது. இவற்றில் எதை எரித்தால் நீர் ஏறும்?

நேற்று முன்தினம் நாற்பதாவது அறையை என்ன செய்வதென்று சேந்தனார் கேட்டார். முந்நூறு வண்டி வெப்பம் இன்னும் அதில் எஞ்சியிருப்பதாக அவர் நம்புகிறார். அதில் ஒரு பங்கு இன்னும் இருக்கிறது என்று கொற்றியும் ஒப்புக்கொண்டாள். இளஞ்சூட்டு நீரால் ஆகக்கூடிய வேலை ஒன்று உண்டு, நெடுவழி போகவிருக்கும் கைக்குழந்தைகளை அதில் குளிப்பாட்டலாம் என்றாள். அவ்வாறே ஆணையிட்டேன். தாய்மார் வரிசையாகப் படியிறங்கி வந்தார்கள். என் தந்தை நாட்டின் கடைசி அரணென்று எண்ணி வெட்டிய அறையில் பிள்ளைகள் நீரை அடித்து விளையாடின. பன்னிரண்டு ஆண்டில் நான் இட்ட ஆணைகளில் வெப்பம் கீழ்ப்படிந்தது அந்த ஒன்றுக்குத்தான். சேந்தனார் கதவருகே நின்று குலுங்கி அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். யார் யாரைத் தாங்கினோம் என்று தெரியவில்லை.

ஆகவே தங்கள் திருவுளத்துக்கு விண்ணப்பம். வருகிறவர்களுக்குத் தங்கள் மூன்றாம் மதகின் கீழுள்ள தரிசைத் தந்தருள்க. அவர்களைச் சோற்றுக்கு நிற்பவர்களாக வைக்கவேண்டாம். கரி வெட்டியவர்கள் வாய்க்கால் வெட்டுவார்கள். கொல்லரும் தச்சரும் தங்கள் சக்கரக் கம்மியரிடம் தொழில் கற்கட்டும். கற்பிக்கும்போது அந்தக் கம்மியர் இருவரும் என்னைத் திட்டிக்கொள்ள உரிமையுடையவர்கள். பூதியிடம் அவள் அண்ணன் நலமாக இருப்பதாக மட்டும் சொல்க. ஒன்பது சுற்றுச் சுற்றிய சக்கரத்தைப் பற்றிச் சொன்னாலும் சொல்லலாம், அவள் சிரிப்பாள்.

என் குடிகளுக்கு நான் இடும் ஆணையாவது. வெப்பம் திரும்புக என்று எழுதிய ஓலை இன்றோடு செல்லாது. அது கோட்டுமுடி ஆவணங்களில் கிழிக்கப்படாமல் வைக்கப்படும், இனி வரும் மன்னர் படிக்கட்டும். இருபத்தொன்றாம் நாள் விடியலில் தெற்கு வாயில் திறக்கப்படும். கைக்குழந்தை உடையோர் முதலில் இறங்குக. கொற்றி இந்த ஓலையை ஏந்தி அவர்களுக்கு முன் செல்வாள். நடக்க இயலாதோரும் அவரைப் பிரிய மறுத்தோருமாக ஐயாயிரம் பேர் உச்சியில் தங்குவர். அவர்களுக்குக் குடம் சுமப்போரில் நானும் ஒருவன். நேற்று இரண்டு குடம் ஏற்றினேன். ஒரு குடம் நீரின் எடை என்னவென்று ஐம்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

இனி முத்திரை. சேந்தனாருக்கு மனம் ஆறவேண்டுமென்பதற்காக, இந்த ஓலைக்குரிய அரக்குத் துண்டை அவர் கையாலேயே நாற்பதாவது அறை நீரில் இடச்சொன்னேன். முந்நூறு வண்டி வெப்பம் அல்லவா? இரண்டு நாழிகை காத்திருந்தோம். எடுத்தபோது அரக்கு இட்டபடியே விறைப்பாக இருந்தது, நகம்கூட இறங்கவில்லை. கொற்றி தன் கொல்லையில் இந்தத் தையில் விளைந்த ஆமணக்கிலிருந்து எடுத்த எண்ணெயை ஓர் அகலில் ஊற்றித் திரியேற்றினாள். சுண்டுவிரல் அளவு சுடர். பத்து எண்ணுமுன் அரக்கு உருகி ஓலைமேல் சொட்டியது. சேந்தனார் தலைகுனிந்து வணங்கினார். யாரை வணங்கினார் என்று நான் கேட்கவில்லை.

அந்த அரக்கின்மேல் மோதிரத்தை அழுத்துகிறேன். நாற்பது கதவுகளைத் திறக்கலாகாதென்று மூடிய மோதிரம் இது. அந்த நாற்பதும் வீணாயின. இது நாற்பத்தொன்றாவது. இதை மட்டும் நம்பியருள்க, மைத்துனரே. வாயிலில் வந்து நிற்கிறார்கள். கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

பங்குனி பதினெட்டாம் நாள், கோட்டுமுடியிலிருந்து, இருங்கோடன் கைச்சாத்து.